இரண்டு குளிர் கேட்ட விதை

விழுந்து கிடக்கிற குச்சியைக் கண்டால் எடுத்து நட்டுவைத்துவிட்டுப் போவது எவெர்ட்டின் வழக்கம். அவன் அப்பாவுக்கும் அதே வழக்கம். தீவில் பாதிப் பேருக்கு அதே வழக்கம்தான். ஆனால் அந்த நல்ல வழக்கத்தாலேயே தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டவன் எவெர்ட் ஒருத்தன்தான்.

குச்சி சமாசாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். புயலடித்த மறுநாள் எங்கள் கரையில் என்னென்னவோ ஒதுங்கும். பலகை, மிதவை, கயிற்றுச் சுருள், ஒரு வருஷம் பெட்டி பெட்டியாக இடது கால் செருப்பு மட்டும். கண்டெடுத்தவன் அதை ஓதம் எட்டாத மேட்டுக்கு இழுத்துவிட்டு, பக்கத்தில் ஒரு குச்சியை நட்டுவிட்டு வண்டி கொண்டுவரப் போவான். குச்சி நிற்கிறவரைக்கும் அந்தப் பொருளை ஒருத்தரும் தொட மாட்டார்கள். ஒரு வாரமானாலும் சரி, ஒரு மாதமானாலும் சரி. வேண்டாம் என்று ஆகிவிட்டால் குச்சியைப் பிடுங்கிக் கீழே போட்டுவிட வேண்டியது. அப்புறம் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். காற்றில் சாய்ந்த குச்சி என்றால், அந்த வழியாகப் போகிற யோக்கியன் அதைத் திரும்ப நிமிர்த்தி நட்டுவிட்டுப் போக வேண்டும். இது எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனால் இதை மீறினவன் வீட்டுச் சாவுக்குப் பெட்டி தூக்க ஆள் வராது.

எவெர்ட்டுக்கு ஐம்பத்திரண்டு வயது. எதிர்க்கரை ஹார்லிங்கனுக்குப் போய்வரும் கப்பலில் கயிறு பிடிக்கிற வேலை. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று யாராவது கேட்டால், "நேரம் கிடைக்கல" என்பான். உண்மைக் காரணத்தின் பெயர் ஹிஸ்கா. இரண்டு பேரும் ஒரே வகுப்பு. பதினாறு வயதில் துறைமுகத் திருவிழாவில் அவளை ஆடக் கூப்பிடலாம் என்று இவன் நினைத்துக்கொண்டே நின்றான். நினைத்து முடிப்பதற்குள் திருவிழா முடிந்துவிட்டது. அதற்கப்புறம் அவள் வாழ்க்கையில் யார் யாரோ வந்தார்கள், போனார்கள். கடைசியாக வந்த ரிக்குஸ் அவள் வீட்டிலேயே பதினோரு வருஷம் இருந்தான். எவெர்ட் இன்னமும் நினைத்துக்கொண்டே நின்றான்.

ரிக்குஸ் பளு தூக்கும் இயந்திரம் ஓட்டுகிறவன், வாய்ச்சாலகன், ஆனால் கெட்டவன் என்று சொல்ல முடியாது. ஒரு அக்டோபர் புயலில் மேற்குக் கரையின் மணல்மேடு பாதி கடலுக்குள் போயிற்று. அங்கே கடல்முள் செடி ஒன்று இருந்தது. வெள்ளி பூசினது போன்ற முள்ளிலை, கோடை முடிவில் நீலமாகப் பூக்கும். தொட்டால் கையைக் கிழிக்கும், ஆனாலும் அதைப் பார்க்கவென்றே ஹிஸ்கா ஞாயிறுதோறும் அங்கே நடந்து போவாள். பறிக்கக் கூடாத செடி. புயலுக்குக் கூடாதது கூடியது ஏது? வேர் ஒரு ஆள் நீளத்துக்கு வெளியே தொங்க, செடி தலைகீழாகக் கிடந்தது. ரிக்குஸ் காய்ந்த பூத்தலையை மட்டும் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தான்.

பழைய வடிகால் குழாயில் முழங்கால் உயரத்துக்கு ஒரு துண்டு வெட்டி, ஹிஸ்காவின் வாசலில் நிறுத்தி, கரை மணலையும் சிப்பித் தூளையும் கலந்து நிரப்பினான். சாதாரணத் தொட்டி இதற்கு ஆகாது. இலை விடுவதற்கு முன்னாலேயே வேர் பாதாளத்தைத் தேடிப் போகும். விதைகளை நகக்கண் ஆழத்துக்கு மூடினான். அந்த வாரமே நார்வேயில் அவனுக்கு மூன்று மாத வேலை வந்தது. வழியனுப்பவென்று எவெர்ட் வந்து நின்றபோது, ரிக்குஸ் எங்கிருந்தோ ஒரு குச்சியை எடுத்துக் குழாய்க்குள் நட்டான்.

"இது முளைக்கிறதுக்குள்ள வந்துடுவேன். குளிர் நல்லா கடிக்கணும், உள்ள தூக்கி வெச்சுடாதீங்க. எவெர்ட், பாத்துக்கோடா."

"சரி."

"குச்சி தொட்டிக்கு மட்டும் இல்ல, தெரியுதா?" என்று கண்ணடித்தான்.

எவெர்ட்டின் காது சிவந்துவிட்டது. முப்பத்தைந்து வருஷமாக மூடிவைத்தது தெருவுக்கே தெரிந்திருக்கிறது. ஹிஸ்கா கதவு நிலையில் சாய்ந்துகொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அன்றிலிருந்து கப்பலுக்குப் போகும் வழியில் காலை ஆறேகாலுக்கு அவள் வாசலில் சைக்கிளை நிறுத்துவது எவெர்ட்டின் வேலையாயிற்று. காற்றில் வந்து சேரும் குப்பையை எடுப்பான். மழையில்லாத வாரத்தில் ஒரு குவளை தண்ணீர் தெளிப்பான். பூனை கிளறாமல் மேலே வலை போட்டான். அந்த விதை முளைக்க வேண்டுமென்று அவன் உண்மையாகவே ஆசைப்பட்டான், ஏனென்றால் முளைத்தால் அவள் முகம் மலரும். முளைத்துவிடக் கூடாதே என்றும் உண்மையாகவே பயந்தான், ஏனென்றால் முளைத்தால் ரிக்குஸ் வந்துவிடுவான். இரண்டும் ஒரே நெஞ்சுக்குள் அடிதடி செய்துகொண்டிருக்க, இவன் குனிந்து மணலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்று மாதம் முடிந்தது. ரிக்குஸ் வரவில்லை, வேலை நீள்கிறதாம். ஏப்ரல் வந்தது. மே வந்தது. குழாயில் ஒரு பச்சைப் பொட்டுகூட இல்லை. இலவு காத்த கிளிக்காவது காயென்று ஒன்று கண்ணெதிரே தொங்கியது, இவனுக்கு வெறும் மணல்.

ஜூன் மாதம் ஒரு காலையில் குச்சி கீழே கிடந்தது.

ராத்திரி காற்று அடித்ததா? இலை அசையவில்லை. அதையெல்லாம் யோசிக்கிற ஆள் இல்லை இவன். விழுந்த குச்சியைக் கண்டதும் கை தானாகப் போயிற்று. யோக்கியனாக நட்டு, உள்ளங்கையால் மூன்று தட்டுத் தட்டி, கப்பலுக்குப் போய்விட்டான்.

ஒரு வாரம் கழித்து அது வாசல் மிதியடிமேல் கிடந்தது. இந்தத் தடவை குற்றவாளியை உடனே கண்டுபிடித்துவிட்டான். பக்கத்து வீட்டு நேல்ட்யா அக்காவின் நாய். நட்டு முடித்த கையோடு அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டி, "உங்க நாய் குச்சியப் பிடுங்குது, கட்டி வைங்கக்கா" என்று சண்டைக்குப் போனான்.

"எந்த நாய்? இதுவா?" அக்கா காலடியில் படுத்திருந்த கிழட்டுப் பிராணியைக் காட்டினார்கள். "இது எந்திரிச்சு நின்னா அன்னிக்கு நான் பாயசம் வெக்கிறேன், போடா."

மூன்றாவது தடவை, ஜூலையில், குச்சி ஜன்னல் விளிம்பில் துடைத்துச் சுத்தமாக வைக்கப்பட்டிருந்தது. நாய் துடைத்து வைக்குமா? காற்று துடைத்து வைக்குமா? கோடைக்கு வந்த வெளியூர்ப் பிள்ளைகள் என்று எவெர்ட் முடிவு கட்டினான். அதுகளுக்கு நம் முறை என்ன தெரியும்? இந்தத் தடவை விட்டுவிடவில்லை. பையிலிருந்து கப்பல் கயிறு ஒரு துண்டு எடுத்து, குச்சியைக் குழாயோடு சேர்த்து, புயலுக்கும் அசையாத முடிச்சாகப் போட்டு இறுக்கினான். எழுந்து கையைத் தட்டிக்கொண்டபோது ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஹிஸ்கா நின்றிருந்ததைப் பார்த்தான். கை அசைத்தான். அவள் அசைக்கவில்லை.

அந்த வாரமே மணல்மேட்டுக் காவலரிடம் விசாரித்து வந்து, நல்ல சேதி சொல்லவென்று அவள் கதவைத் தட்டினான். காப்பி வைத்தாள். டப்பாவைத் திறந்து ஒரு பிஸ்கட் கொடுத்தாள், மூடினாள்.

"விதை சாகல ஹிஸ்கா. சிலதுக்கு ஒரு குளிர் பத்தாதாம். ரெண்டு குளிர் வேணுமாம். அடுத்த ஏப்ரல்ல பாருங்கிறார்."

"ரெண்டு குளிரா?"

"ஆமா. தூக்கிப் போட்டுடாதேன்னு சொன்னார். நிறையப் பேர் அவசரப்பட்டுக் கொட்டிடறாங்களாம்."

"அப்ப நான் இன்னும் காத்திருக்கணும்ங்கிறே."

"வரவேண்டியது வந்துடும்ல?"

அவள் கரண்டியால் காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். அவள் காப்பிக்குச் சர்க்கரை போடுகிற பழக்கமே கிடையாது.

"நீ என்ன நினைக்கிறே எவெர்ட்? நீயா சொல்லு."

என்ன நினைக்கிறான் என்பதைச் சொல்ல இவனுக்கு முப்பத்தைந்து வருஷம் அவகாசம் கிடைத்திருந்தது. இன்னொரு நிமிஷமும் கிடைத்தது. ஆனால் ஜன்னல் வழியாக அந்தக் குச்சி தெரிந்தது. இவன் நட்டு, இவனே கட்டிய குச்சி.

"முளைக்கும்னு நினைக்கிறேன்," என்றான்.

டப்பாவைத் திறந்து இரண்டாவது பிஸ்கட் கொடுத்தாள். எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் இரண்டாவது பிஸ்கட் கொடுப்பதில்லை. அது எதற்கென்று அவனுக்குப் புரியவில்லை, சாப்பிட்டுவிட்டுப் போனான்.

இரண்டாவது குளிர் முதலாவதைவிடக் கொடுமையாக இருந்தது. குழாய் மணல் கல்லாக உறைந்தது. ஹிஸ்கா இவனிடம் பேசுவது குறைந்தது. பான்கேக் கடையில் அவள்தான் சமையல்; இவன் பட்டாணி சூப்புக்குப் போய் உட்கார்ந்தால், கிண்ணத்தை வேறு யாராவது கொண்டுவந்து வைத்தார்கள். ரிக்குஸை நினைத்து வாடுகிறாள் என்று இவன் வருத்தப்பட்டான். அவளுக்காக ரிக்குஸ் வந்துவிட்டால்கூடத் தேவலை என்று ஒரு நாள் நினைத்தான். அப்படி நினைத்த அன்று அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வீட்டுக் கழிப்பறைச் சுவரில், வருஷா வருஷம் மாற்றாத பிறந்தநாள் காலண்டர் தொங்கும், எல்லார் வீட்டிலும் போலத்தான். எவெர்ட்டின் காலண்டரில் மார்ச் ஒன்பதாம் தேதியில் எழுதியிருந்த 'ஹிஸ்கா' மட்டும் நாற்பது தடவை பேனா ஓடித் தடித்துப் போயிருந்தது. அந்த மார்ச்சில் வாழ்த்துச் சொல்லப் போனான். கதவில் நின்றபடியே நன்றி சொன்னாள்.

ஏப்ரல் பதினெட்டு. வலைக்கு அடியில் ஏதோ தெரிந்தது. மண்டிபோட்டுக் குனிந்தான். இரட்டை இலை, உருண்டையாக, வழுவழுவென்று, முள்ளே இல்லாமல். பக்கத்தில் இன்னொன்று. மொத்தம் ஏழு. காவலர் சொன்ன அடையாளம் அப்படியே இருந்தது. எவெர்ட்டுக்குக் கண் நிறைந்துவிட்டது. சந்தோஷமா துக்கமா என்று பிரித்துப் பார்க்க அவன் நிற்கவில்லை, கதவை இடித்தான்.

ஹிஸ்கா ஈரத் தலையோடு வந்து திறந்தாள்.

"முளைச்சிடுச்சு! ஏழு! வந்து பாரு ஹிஸ்கா. ரிக்குஸ்கிட்டச் சொல்லு. இனி அவன் வந்துடுவான்."

அவள் செடியைப் பார்க்கவில்லை. இவனையே பார்த்தாள்.

"ரிக்குஸ் வரமாட்டான். அங்கயே ஒருத்தியோட இருக்கான். போன மே மாசமே போன்ல சொல்லிட்டான்."

"போன மேயா?"

"ஆமா. ஒரு வருஷம் ஆகப்போகுது."

"ஊர்ல யாருக்கும் தெரியாதே."

"நான் சொன்னாத்தானே தெரியும்? வாயால சொல்லிட்டுத் திரியணுமா? சொல்ல வேண்டிய ஆளுக்குச் சொல்ற விதமாச் சொன்னேன்." அவள் குரல் உயர்ந்தது. "குச்சியப் பிடுங்கினேன்ல?"

எவெர்ட் குழாயைத் திரும்பிப் பார்த்தான்.

"அது காத்துல..."

"காத்தா!"

"இல்ல, அந்த நாய்..."

"அந்த நாய் பல்லு போயி அஞ்சு வருஷமாச்சுடா! மூணு தடவை பிடுங்கினேன். மூணு தடவையும் ஜன்னல்கிட்ட நின்னு பாத்தேன். நீ வருவே, குச்சியப் பாப்பே, கதவத் தட்டுவேன்னு. மூணு தடவையும் நட்டுட்டுப் போனே. தட்டித் தட்டி நட்டே. கடைசியில கயிறு போட்டுக் கட்டினே, பாவி! அதுக்கு மேல ஒரு ஆம்பள எப்படித்தான் 'வேண்டாம்'னு சொல்லுவான்?"

"நான் வேண்டாம்னு சொல்லல."

"அப்புறம் உள்ள வந்து உக்காந்து, இன்னொரு குளிர் பொறுத்துக்கோன்னு சொல்லிட்டு, ரெண்டு பிஸ்கட்டையும் தின்னுட்டுப் போனே."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி குறுக்கே நிற்பான் என்பார்கள். இங்கே சாமி ஒரு தடவைக்கு மூன்று தடவை வரம் கொடுத்தது. பூசாரியும் பக்தனும் ஒரே ஆளாகிப் போனதுதான் கோளாறு. எவெர்ட் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டான். ஒரு வருஷம், முழுசாக ஒரு வருஷம், அவள் இந்த ஜன்னலுக்கு அந்தப் பக்கமும் இவன் இந்தப் பக்கமும் நின்றிருக்கிறார்கள்.

"ரெண்டு ஆம்பளைங்க சேர்ந்து குச்சி நட்டு வெளையாட நான் என்ன கரை ஒதுங்கின கட்டையா?" என்றாள், கொஞ்சம் தணிந்து. "அவன் நட்டான், நீ காவல் காத்தே. எனக்கு என்ன வேணும்னு ஒருத்தன் கேக்கல."

"இப்பக் கேக்கறேன்."

"இப்பவா?" அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வர்ற திங்கக்கிழமை ஹார்லிங்கன் போறேன். முதியோர் இல்லத்துல சமையல், ஒரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டாச்சு. இந்த ஜன்னலப் பாத்துக்கிட்டே இன்னொரு வருஷம் என்னால இருக்க முடியாதுன்னுதான் போட்டேன். வீட்டைத் தம்பி மக பாத்துக்குவா."

கப்பல் முதல் சங்கு ஊதியது. முப்பது வருஷத்தில் ஒரு நாள்கூட எவெர்ட் தாமதமாகப் போனதில்லை.

"போ. உன் கப்பல்," என்றாள்.

அவன் போனான். போனதை எத்தனை நாள் நினைத்து நொந்துகொண்டான் என்று சொல்லி முடியாது.

திங்கட்கிழமை காலை அவள் வாசல் வழியாகப் போக அவனுக்குத் தெம்பு இல்லை. கரைமேட்டுப் பாதையில் சுற்றிக்கொண்டு துறைக்குப் போனான். ஹிஸ்கா இரண்டு பெட்டியோடு வந்து ஏறினாள். பெட்டிகளை வாங்கி அடுக்கியது இவன்தான், வேலையாயிற்றே. பாதிக் கடலில், தண்ணீர் வற்றித் திட்டுத் திட்டாக மணல் தெரிகிற இடத்தில், அவள் மேல்தளத்திலிருந்து இறங்கி இவன் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தொட்டி?" என்று கேட்டான். கேட்க நினைத்தது வேறு.

"வெக்க வேண்டிய எடத்துல வெச்சாச்சு."

"நேல்ட்யா அக்காகிட்டயா? அங்க அந்த நாய்..."

"நாயப் பத்திப் பேசினே, கடல்ல தள்ளிடுவேன்."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் திட்டில் படுத்திருந்த கடல்நாய்களைப் பார்த்தார்கள்.

"இந்தக் கப்பல் ஹார்லிங்கன்ல ஒண்ணரை மணி நேரம் நிக்கும்," என்றான் எவெர்ட்.

"தெரியும். பலகையில எழுதியிருக்கு."

"தினமும்."

"தினமும்னும் எழுதியிருக்கு," என்றாள். ஆனால் சிரித்தாள். ஒரு வருஷத்துக்கு அப்புறம் அந்தச் சிரிப்பைப் பார்த்ததில், 'போகாதே' என்ற வார்த்தை அவன் தொண்டைவரைக்கும் வந்தது. அதற்குள் துறை வந்துவிட்டது. கயிற்றை வீச வேண்டும், இழுத்துக் கட்ட வேண்டும். இரண்டு கையாலும் கயிறு பிடித்திருக்கிறவன் கையசைப்பது எப்படி? அவள் பெட்டிகளை உருட்டிக்கொண்டு, சுங்கப் பாலத்தைத் தாண்டி, சிவப்பு மேல்சட்டை ஒரு புள்ளியாகிறவரைக்கும் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் நாலு மணிக்கு வீடு திரும்பினான். வாசல் மணலில் தள்ளுவண்டிச் சக்கரத் தடம். பான்கேக் கடை வண்டி. சுவரோரமாக, வெயில் படும் இடத்தில், அந்த வடிகால் குழாய் நின்றது. ஏழு முளையும் பத்திரம். ஒன்றில் மூன்றாவது இலை, விளிம்பில் முதல் முள்ளோடு.

குழாயில் குச்சி இல்லை.

அவன் திரும்பிப் பார்த்தான். குச்சி அங்கே, குழாயிலிருந்து ஆறடி தள்ளி, தெருவிலிருந்து அவன் கதவுக்குப் போகிற செங்கல் பாதைக்கு நட்டநடுவில், இரண்டு கல்லைப் பெயர்த்து ஆழமாக நடப்பட்டிருந்தது. இவன் போட்ட முடிச்சு அவிழாமல் கத்தியால் அறுத்திருக்கிறாள். அறுந்த கயிறு இன்னும் அதில் தொங்கியது.

நேல்ட்யா அக்கா கடையிலிருந்து வருகிற வழியில் நின்றார்கள். நாய் பின்னால், மூச்சு வாங்கிக்கொண்டு.

"யாரோட குச்சிடா இது?"

"ஹிஸ்காவோடது."

"தொட்டிக்கா?"

எவெர்ட் தொட்டியைப் பார்த்தான், குச்சியைப் பார்த்தான், அதற்கு நேர் எதிரே இருந்த தன் கதவைப் பார்த்தான். கண்ணில் நீர் வழிவதைத் துடைக்கவும் தோன்றவில்லை.

"தொட்டிக்கு இல்லக்கா," என்றான்.

அக்கா புரிந்துகொண்டு தலையாட்டினார்கள். நாயை அந்தப் பக்கம் போகவிடாமல் இழுத்துக்கொண்டு போனார்கள்.

அன்றிலிருந்து எவெர்ட் தன் வீட்டுக்குள் பக்கவாட்டாகத்தான் நுழைகிறான். சைக்கிளைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, சுவரை உரசிக்கொண்டு. நகர்த்தி வைக்கலாமே என்று வெளியூர்க்காரர்கள்தான் கேட்பார்கள். எங்கள் ஊரில் யாரும் கேட்கவில்லை. அவளுடைய ஒரு வருஷம் முடிய இன்னும் ஒரு குளிர் இருக்கிறது. பெரிய காற்று வந்தால் குச்சி சாயலாம்தான். அதைப் பற்றி யாருக்கும் கவலை வேண்டாம். விழுந்த குச்சியை நட்டுவைப்பதில் அவனுக்கு இந்தத் தீவிலேயே இணை கிடையாது.